கல்லறை மேட்டுக் குடித்தனம்

சித்தியவானுக்குப் பெயர் வந்த கதையைச் சொல்லாமல் அந்த ஊரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நானும் சொல்லிவிடுகிறேன். ஆற்றுச் சேற்றில் ஒரு யானை சிக்கிக்கொண்டதாம். கூட வந்த யானை தப்பித்துப் போக வழியிருந்தும் போகவில்லை. நண்பனோடு அங்கேயே நின்று உயிரை விட்டதாம். 'செத்தியா காவான்', அதாவது விசுவாசமான நண்பன் என்ற மலாய்ச் சொற்கள் மருவித்தான் சித்தியவான் ஆனது என்பார்கள். அதற்கு முன்பு அந்த இடத்துக்கு 'சுங்கை காஜா மாத்தி', யானை செத்த ஆறு என்று பெயர்.

1903இல் சீனாவின் ஃபூச்சோ பகுதியிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மெதடிஸ்ட் பாதிரிமார்களோடு இங்கே வந்து இறங்கினார்கள். காட்டை அழித்தார்கள், பிறகு ரப்பர் நட்டார்கள். சுற்றிலும் பெரிய தோட்டங்கள் எழுந்தன. அந்தத் தோட்டங்களில் நம்மவர்கள் லயங்களில் குடியேறினார்கள். இன்றைக்கு வெளியூர்க்காரர்களுக்குச் சித்தியவான் என்றால் கம்போங் கோ மிளகாய் சாஸும், அடுப்பிலிருந்து சுடச்சுட எடுக்கும் கொம்பியா ரொட்டியும்தான். பங்கோர் தீவுக்குப் போகும் வழியில் காடியை நிறுத்தி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு அது அம்மா பிறந்த தோட்டம் இருக்கும் ஊர்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாமா போன் செய்தார். ஒவ்வொரு வருடமும் தீபாவளிக்கு முன்பு பாட்டியின் கல்லறையைச் சுத்தம் செய்து படையல் போடுவது எங்கள் குடும்ப வழக்கம். அதற்காகப் புல் வெட்டப் போனவர் பார்த்திருக்கிறார்.

"பாட்டி கல்லறைக்குப் பக்கத்துல முள்ளம்பன்றி வளை தோண்டியிருக்கும்மா. பெரிய வளை. பெரியம்மாகிட்ட இப்ப சொல்லாத."

பெரியம்மாவிடம் சொல்லாமல் இருப்பது எங்கள் குடும்பத்தில் நடக்காத காரியம். ஈப்போவில் அவர் வீட்டில் ஓர் இரவு தங்கினேன். மறுநாள் காலை அவரே காடியில் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஒரு மூட்டை சிமெண்டு. அதுவும் அவருடைய ஏற்பாடுதான்.

ஈப்போவிலிருந்து சித்தியவான் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். பூசிங், சிப்புத்தே வழியாகப் போகும்போது இரண்டு பக்கமும் பழைய ஈயக் குட்டைகள். ஸ்ரீ இஸ்கண்டாரைத் தாண்டி, போத்தாவில் பேராக் ஆற்றைக் கடந்தால் செம்பனை தொடங்கும். ஆயர் தாவார் வரை அதேதான். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது இவை பெரும்பாலும் கித்தாக் காடுகள். இலை உதிரும் காலத்தில் காடே சிவக்கும் என்று சொல்வார். செம்பனைக்கு அப்படி ஒரு பருவமும் கிடையாது, எந்த மாதம் போனாலும் ஒரே பச்சை.

தோட்டத்தில் இப்போது லயங்கள் இல்லை. ஒரு வரிசை மட்டும் கூரையில்லாமல் நிற்கிறது. கோயில் இருக்கிறது. திருவிழாவுக்கு மட்டும் கூட்டம் வருகிறது. மாமா சித்தியவான் நகரத்தை ஒட்டிய தாமானில் வீடு வாங்கிக் குடிபோய்ப் பதினைந்து வருடமாகிறது. ஆனாலும் தினமும் காலையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிடுவார். முதலில் பால் மரம் வெட்டியவர், பிறகு குலை அறுத்தவர். ஓய்வு பெற்ற பின்னும் அந்தச் சடக்கை விட்டு அவரால் இருக்க முடியவில்லை.

இடுகாடு ஒரு சின்ன மேடு. ஒரு ஏக்கர் இருக்கலாம். சுற்றிலும் செம்பனை வரிசைகள். மேட்டில் மட்டும் ஓர் ஆலமரமும் காட்டு மரங்களும் புதர்களும் நிற்கின்றன. கித்தா நட்டவர்களும் அந்த மேட்டைத் தொடவில்லை, அதை வெட்டிச் செம்பனை நட்டவர்களும் தொடவில்லை. யாருக்கும் இடுகாட்டில் கை வைக்க மனம் வராது. எண்பது, தொண்ணூறு வருடம் மண்வெட்டியோ இயந்திரமோ படாத நிலம் அந்தத் தோட்டத்தில் அது ஒன்றுதான். வளை தோண்டும் ஒரு பிராணி அங்கே குடியேறாமல் வேறு எங்கே போகும்?

வளைக்கு மூன்று வாய்கள். ஒன்று ஆலமரத்தின் வேர்களுக்கு அடியில். இன்னொன்று கீழ்ச் சரிவில், இடுகாட்டு வேலிக்குச் சற்று வெளியே. மூன்றாவது பாட்டியின் கல்லறையிலிருந்து நான்கு அடி தூரத்தில். ஓர் அரிசி மூட்டையைப் படுக்க வைத்து உள்ளே தள்ளலாம், அவ்வளவு அகலம். வாசலில் செம்மண் விசிறி போலப் பரந்து கிடந்தது. ஆள் நடந்து நடந்து வழவழப்பான சிமெண்டுத் தரை போல வாசல்படி தேய்ந்திருந்தது. ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள்.

"ஆள் இருக்குற வளையா, காலி வளையான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க மாமா?"

"வாசல்ல சிலந்தி வலை இருந்தா காலி. இல்லன்னா சாயங்காலம் நாலு குச்சிய நட்டு வச்சிட்டுப் போவேன். காலைல குச்சி சாஞ்சிருந்தா வீட்டுல ஆள் இருக்கு."

தமிழில் பன்றி என்று பெயர் வைத்துவிட்டோம். ஆனால் முள்ளம்பன்றிக்கும் பன்றிக்கும் உறவே இல்லை. எலி, அணிலின் சாதி அது, கொறிக்கும் பிராணி. மலாய்க்காரர்கள் 'லண்டாக்' என்கிறார்கள். நம் நாட்டில் வாழும் மலாயா முள்ளம்பன்றி எட்டு கிலோ, சிலது அதற்கும் மேல் எடை போடும். பழந்தமிழில் இதற்கு 'எய்' என்று ஒரு பெயர் உண்டு. அம்பு எய்வது போல முள்ளை எய்யும் என்று நம்பி வைத்த பெயராக இருக்கலாம். உண்மையில் அது எதையும் எய்வதில்லை. முள் என்பதே தடித்துப்போன மயிர்தான், நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருள். மிரட்டினால் முதலில் காலைத் தரையில் தட்டும். உறுமும். வாலை ஆட்டும். அதற்கும் எதிரி நகரவில்லை என்றால் திரும்பி நின்று பின்பக்கமாகவே பாயும். முட்கள் எதிரியின் உடம்பில் ஏறிக் கழன்றுகொள்ளும். வட இந்தியாவில் முக்தேசர் என்ற இடத்தில் ஆட்கொல்லியாக மாறிய ஒரு பெண்புலி, முள்ளம்பன்றியோடு மோதி ஒரு கண்ணை இழந்து, உடம்பில் ஐம்பது முட்களோடு திரிந்ததாக ஜிம் கார்பெட் எழுதியிருக்கிறார். ஊனமாகி வேட்டையாட முடியாமல்தான் அது மனிதர்கள் பக்கம் திரும்பியது.

இத்தனை ஆயுதம் உள்ள பிராணிக்குப் பகலெல்லாம் ஏன் வளைக்குள் பதுங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. காரணம் வெயிலும் குட்டிகளும். வெளியே முப்பத்து மூன்று டிகிரி கொதித்தாலும், மண்ணுக்குள் ஓர் ஆள் ஆழத்தில் வெப்பம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. மழை பெய்தாலும் மேட்டு நிலத்தில் தண்ணீர் தங்காது. முள்ளம்பன்றி பெரும்பாலும் மேடு, சரிவு, பாறை இடுக்கு, கறையான் புற்று இவற்றைத் தேடுவது அதனால்தான். வேறு பிராணி தோண்டிய பொந்து கிடைத்தால் அதையே அகலமாக்கிக்கொள்ளும். நுழைவாயில் ஒன்று, தப்பி ஓட வேறு சில. உள்ளே சுரங்கம் போகப் போக, கடைசியில் ஓர் அறை. அந்த அறையில் ஆணும் பெண்ணும் அவற்றின் குட்டிகளும் ஒன்றாகப் படுத்திருக்கும். ஜோடி சேர்ந்தால் பிரியாத பிராணிகளில் இதுவும் ஒன்று.

குட்டி பிறக்கும்போதே கண் திறந்திருக்கும். முட்கள் இருக்கும், ஆனால் மயிர் போல மெத்தென்று இருக்கும். இல்லாவிட்டால் தாய் என்ன பாடு பட்டிருப்பாள்! வெளிக்காற்று பட்டு நாட்கள் செல்லச் செல்ல அவை இறுகிவிடும். ஓர் ஈற்றில் ஒன்று, அதிகம் போனால் இரண்டு, சில நேரம் மூன்று. ஓர் எலி குடும்பத்துப் பிராணிக்கு இது மிகவும் குறைவு. வயிற்றில் சுமக்கும் காலமும் ஏறத்தாழ நூற்றுப் பத்து நாள். ஆகவே ஒரு வளையிலிருந்து ஒரு தாயைப் பிடித்துவிட்டால் அந்த இடம் நிரம்ப வெகு காலமாகும்.

முள்ளைப் பற்றி இன்னொன்று. சீமந்தத்தில் கர்ப்பிணியின் தலைமுடியை வகிடு பிரிக்க முள்ளம்பன்றி முள்ளைப் பயன்படுத்தும் வழக்கம் சில குடும்பங்களில் இருக்கிறது. சீமந்தம் என்ற சொல்லுக்கே வகிடு என்றுதான் பொருள். எங்கள் பாட்டிக்குச் சீமந்தமும் தெரியாது, சாஸ்திரமும் தெரியாது. ஆனால் கொண்டையில் ஒரு முள்ளைச் செருகியிருப்பார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். கித்தாக் காட்டில் பொறுக்கியது. அந்தக் கொண்டையோடு இப்போது பாட்டி நான்கு அடி தள்ளிப் படுத்திருக்கிறார்.

அங்கேதான் பிரச்சினை கிளம்பியது. பெரியம்மா வளை வாசலில் குனிந்து பார்த்தவர் ஓர் எலும்பைப் பார்த்துவிட்டார்.

உள்ளங்கை நீளம். வெளுத்துப்போனது. ஒரு பக்கம் முழுக்க உளியால் செதுக்கியது போல வரிவரியாகக் கறம்பியிருந்தது. பெரியம்மா பேசவே இல்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஆலமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். மாமா என்னைப் பார்த்தார். அந்த எலும்பு யாருடையது என்ற கேள்வியை வாய்விட்டுக் கேட்க எங்கள் மூவருக்குமே தைரியம் இல்லை.

முள்ளம்பன்றி எலும்பு தின்னுமா? தின்னாது. கிழங்கு, வேர், மரப்பட்டை, விழுந்த பழம் இவைதான் உணவு. ஆனால் எலும்பைக் கறம்பும். இதன் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கடினமானதைக் கறம்பித் தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாது. தவிர, செடிகொடியில் கிடைக்காத சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் எலும்பில் இருக்கின்றன. அதனால் காட்டில் எங்கே பழைய எலும்பு கிடந்தாலும் தூக்கிக்கொண்டு வந்து வளைக்குள் சேர்க்கும். மான் கொம்பு உட்பட.

இந்தப் பழக்கத்தால் அறிவியலுக்கே ஒரு தொல்லை, ஒரு லாபம். தென்கிழக்காசியாவின் சுண்ணாம்புக் குகைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய விலங்குகளின் மிச்சமாகப் பெரும்பாலும் பற்கள்தான் கிடைக்கின்றன. அதிலும் வேர்ப்பகுதி இருக்காது. அத்தனையும் முள்ளம்பன்றிகள் கறம்பியவை. எலும்பு போச்சே என்று ஆராய்ச்சியாளர்கள் வருந்தலாம். ஆனால் அவை இழுத்து வந்து குகைக்குள் போடாமலிருந்தால் அந்தப் பற்களும் காட்டு மழையில் மக்கிப்போயிருக்கும். நாம் தைப்பூசத்துக்குப் படியேறும் பத்துமலைப் பகுதிக் குகை ஒன்றில் ஒராங் ஊத்தானின் பற்கள் கிடைத்திருக்கின்றன. இன்று போர்னியோவிலும் சுமத்ராவிலும் மட்டுமே இருக்கும் ஒராங் ஊத்தான் ஒரு காலத்தில் நம் தீபகற்பத்திலும் இருந்தது என்பதற்கு அவையே சாட்சி.

இதையெல்லாம் ஆலமரத்தடியில் உட்கார்ந்து பெரியம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லும் நேரம் அது இல்லை. எலும்பைப் படம் எடுத்து, விலங்கியல் படித்த ஒரு தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மாமா இதற்குள் வாசலை ஒட்டிக் குச்சியால் கிளறி இன்னொரு துண்டை எடுத்தார். அதில் வளைந்த கோரைப்பல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தோழியின் பதில் வருவதற்கு முன்பே மாமாவுக்குத் தெரிந்துவிட்டது.

"காட்டுப்பன்னி தாடை அக்கா. பாருங்க, கொம்பு பல்லு. போன வருஷம் கீழ வாய்க்கால்ல செத்துக் கெடந்துச்சே, அதுவா இருக்கும்."

தோழியும் அதையே சொன்னாள். முதல் துண்டு மாட்டின் விலா எலும்பு. செம்பனைக்கு நடுவே மேய விடும் மாடுகளில் ஒன்றாக இருக்கும். பெரியம்மா இரண்டையும் வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இன்னிக்குப் பன்னி எலும்பு. நாளைக்கு?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. புதைத்தது ஆறடி ஆழம். கல்லறைக்கு மேலே சிமெண்டுப் பலகை இருக்கிறது. ஆனாலும் பெற்ற தாய் படுத்திருக்கும் மண்ணுக்கு அடியில் ஏதோ ஒன்று சுரங்கம் போடுகிறது என்று தெரிந்த பிறகு, ஆழக் கணக்கு மனதைச் சமாதானம் செய்யுமா? மூட்டை சிமெண்டை மூன்று வாயிலும் கொட்டி அடைத்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. பகலில் அடைத்தால் உள்ளே குடும்பம் மொத்தமும் உயிரோடு புதைந்துபோகும் என்பது மாமாவின் கட்சி. "இடுகாட்டுல அந்தப் பாவத்தையும் சேத்துப் புதைக்கணுமா அக்கா?" என்றார். முடிவு ஆகவில்லை. நாளைக்குப் பேசலாம் என்று எழுந்தோம்.

அன்று சாயங்காலம் மாமாவும் நானும் மட்டும் திரும்பி வந்தோம். வானொலி வேலையில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம், எங்கே போனாலும் ஒலிப்பதிவுக் கருவி பையில் இருக்கும். ஆலமரத்து வாயிலிருந்து இரண்டு அடி தள்ளி மைக்கை ஒரு குச்சியில் கட்டி வைத்துவிட்டு, நீளமான வயரோடு காற்று எதிரே வரும் பக்கம் போய் உட்கார்ந்தோம். பேசக் கூடாது. கொசு கடித்தால் தட்டக் கூடாது. ஏழரை மணிக்கு இருட்டியது. பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஓசை வந்து ஓய்ந்தது. தூரத்தில் நெடுஞ்சாலை லோரிகள். எட்டு மணியைத் தாண்டியதும் காதொலியில் மூச்சு கேட்டது.

யாரோ மூக்கை உறிஞ்சுவது போல இரண்டு முறை. பிறகு ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. வாசலில் வந்து நின்று மோப்பம் பிடிக்கிறது என்று மாமா கையைக் காட்டினார். அப்புறம் அந்தச் சத்தம். சட்டைப் பையில் சில்லறைக் காசு போட்டுக்கொண்டு நடப்பது போல இருந்தது. வாலின் நுனியில் உள்ள முட்கள் உள்ளே வெற்றாக, வாய் திறந்த குழல்கள் போல இருக்கும். நடக்கும்போது அவை ஒன்றோடொன்று உரசிக் கலகலக்கும். ஒன்று போனது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மூன்றாவதாக, மெல்லிய, வேகமான ஒரு கலகலப்பு. மாமா மூன்று விரலைக் காட்டிவிட்டு மூன்றாவது விரலைப் பாதியாக மடக்கினார். குட்டி.

ஸ்டுடியோவில் எத்தனையோ நட்சத்திரங்களின் குரலைப் பதிவு செய்திருக்கிறேன். அந்த நாற்பது விநாடிப் பதிவுக்கு ஈடாக அவற்றில் ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரே வளையைத் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொள்ளும் பிராணிகள் உலகில் இன்னும் உண்டு. ஐரோப்பாவின் வளைக்கரடி அதில் முதன்மையானது. முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட, நீர்நாயின் தூரத்து உறவான பிராணி. இங்கிலாந்தில் சில வளைகளில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதே குலம் வசிக்கிறது. படுக்கைக்குக் காய்ந்த புல்லை மார்போடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து உள்ளே இழுத்துப் போகும். பழைய படுக்கையை வெளியே தள்ளிவிடும். வீட்டுக்குள் அசுத்தம் செய்யாது, கழிப்பிடம் வெளியே தனியாகக் குழி தோண்டி வைத்திருக்கும். இத்தாலியில் வளைக்கரடியும் முள்ளம்பன்றியும் ஒரே வளையில் வேறு வேறு அறைகளில் வாடகை தராமல் வாழ்வதைக் கேமரா வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் முள்ளம்பன்றி வளைக்குள் மலைப்பாம்பும் வௌவாலும் சேர்ந்தே இருக்கின்றன. வீட்டைக் கட்டியவர் ஒருவர், குடியிருப்பவர் பலர். நம் லயத்து வாழ்க்கைதான்.

பிரிட்டனில் 1992இல் வளைக்கரடிப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்தது. அதில் எனக்குப் பிடித்தது, அது பிராணியை மட்டும் காப்பாற்றவில்லை. அதன் வளையையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. வீடு கட்டும் நிறுவனமாக இருந்தாலும் சரி, சாலை போடுபவராக இருந்தாலும் சரி, உரிமம் வாங்காமல் வளையில் மண்வெட்டி வைத்தால் வழக்கு. நம் நாட்டிலும் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முள்ளம்பன்றியை உரிமமின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அதே காட்டில் வளை தோண்டும் எறும்புத்தின்னிக்கு இன்னும் கடுமையான முழுப் பாதுகாப்பு உண்டு.

சட்டம் இருந்தாலும் ஆபத்து வேறு வழியில் வருகிறது. மறுநாள் காலை நாங்கள் சித்தியவான் கடைத்தெருவில் பசியாறிக்கொண்டிருந்தபோது மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். வளை விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. "ரெண்டு நாய் கொண்டாந்தா போதும் அண்ணே. கல்லு இருந்தா நீங்க கேக்குற வெல" என்றார்.

கல் என்று அவர் சொன்னது 'கெலிகா லண்டாக்'. முள்ளம்பன்றியின் வயிற்றில் செரிக்காத நார்ப்பொருள் சேர்ந்து இறுகி உருண்டையாகும் ஒரு பொருள். எல்லாப் பிராணியிலும் இருக்காது. அபூர்வமாகத்தான் கிடைக்கும். அதனாலேயே விலை, அதுவும் கிராம் கணக்கில். டிங்கி காய்ச்சலுக்கு, புற்றுநோய்க்கு, அறுவை சிகிச்சைக்குப் பின் தேறுவதற்கு என்று என்னென்னவோ சொல்லி விற்கிறார்கள். நோய் தீரும் என்பதற்கு நம்பத்தகுந்த மருத்துவ நிரூபணம் கிடையாது. இந்த மோகம் புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டிலேயே மலாக்காவின் முள்ளம்பன்றிக் கல்லுக்கு ஐரோப்பியப் பிரபுக்கள் பொன்னைக் கொட்டிக் கொடுத்தார்கள், விஷ முறிவு என்று நம்பி. தேவை பெருகியதால் கோவாவில் செயற்கையாகவே உருண்டை பிடித்து விற்ற கதையும் உண்டு. போலி மருந்துச் சந்தைக்கு நானூறு வயது!

ஒரு கல்லுக்காக எத்தனை வளைகளைத் தோண்ட வேண்டும் என்று அந்த மனிதரிடம் கேட்டேன். சிரித்தார். எட்டு பத்து அறுத்தாலும் ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றார். மாமா தே தாரிக்கை முடித்துவிட்டு, "அது எங்க அம்மா படுத்திருக்குற எடம். நாய் வராது" என்று எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் மாமா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பெரியம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மேசையிலேயே முடிவு பாதி ஆகிவிட்டது என்று நினைக்கிறேன்.

தோட்டத்துக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். செம்பனை ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு ஆனதும் உயரம் கூடி, குலை அறுப்பது சிரமமாகி, விளைச்சலும் குறைந்துவிடும். அப்போது பழைய மரங்களைச் சாய்த்து, கன்று வைப்பார்கள். இதுதான் மறுநடவு. அந்தப் புதுக் கன்றுகள் முள்ளம்பன்றிக்கு விருந்து. இரவோடு இரவாக அடியைக் கறம்பி உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தைத் தின்றுவிடும். குருத்து போனால் கன்று செத்தது. ஒவ்வொரு கன்றுக்கும் கம்பி வலையை வளையமாகச் சுற்றி நடுகிறார்கள். கம்பி, கூலி, செத்த கன்றுக்குப் பதில் கன்று. அந்தச் செலவை ஏற்பவர்களுக்கு முள்ளம்பன்றி என்ற பெயரைக் கேட்டாலே எரிச்சல் வரும். மாமாவே வேலையில் இருந்த காலத்தில் பொறி வைத்தவர்தான். கறியும் தின்றிருக்கிறார். "அப்ப கம்பத்துச் சந்தையில கோழி வாங்கக் காசு இல்லம்மா" என்றார். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. வெட்கப்பட வேண்டியதும் இல்லை.

இந்தத் தோட்டத்தில் மறுநடவு இடுகாட்டு மேட்டின் அடிவாரம் வரை வந்துவிட்டது. அடுத்தது கீழ்ச் சரிவு. வளையின் ஒரு வாய் வேலிக்கு வெளியே அந்தச் சரிவில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா முன்னால் நின்று வேலை வாங்கினார். பாட்டியின் கல்லறையைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணைத் தோண்டி, கல் அடுக்கி, கொண்டு வந்த சிமெண்டைக் குழைத்து ஊற்றினோம். பக்கத்துக் குடும்பக் கல்லறைகள் இரண்டுக்கும் அதே மாதிரி திட்டு போட்டோம். அவர்கள் இப்போது சிலாங்கூரில் இருக்கிறார்கள், போனில் சம்மதம் சொன்னார்கள். வளை வாய் எதையும் அடைக்கவில்லை. கல்லறைக்குப் பக்கத்து வாயில் மட்டும் மாமா நட்ட குச்சிகள் இரண்டு இரவு சாயாமல் நின்றன. எங்கள் சத்தத்துக்குப் பயந்து அந்த வாசலைக் கைவிட்டுவிட்டது போல. ஆலமரத்து வாயில் குச்சிகள் தினமும் சாய்ந்தன.

படையல் முடிந்து வாழை இலையை எடுக்கும்போது பெரியம்மா மூன்று வள்ளிக்கிழங்கை ஆலமரத்துப் பக்கம் தள்ளி வைத்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, "பாட்டிக்குப் புடிக்கும்" என்றார். பாட்டியின் கல்லறை இந்தப் பக்கம் இருக்கிறதே என்று நான் சொல்லவில்லை.

சரிவைப் பற்றித் தோட்டத்துச் சின்ன துரையிடம் மாமா போய்ப் பேசினார். சின்ன துரை என்பது பழைய பெயர், இப்போது இருப்பவர் முப்பது வயது மலாய் இளைஞர், துணை நிர்வாகி. அந்தச் சரிவில் மழைக்கு மண் ஓடிவிடும், எப்படியும் கன்று நிலைக்காது, கடைசி ஒரு வரிசையை விட்டுவிடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை, வாய்ச்சொல்தான். மண்ணைத் தள்ளும் இயந்திரம் தை மாதம் வரும் என்கிறார்கள். அதை ஓட்டி வருபவருக்கு இந்தப் பேச்சு எதுவும் தெரிந்திருக்காது என்பதால், மாமா சரிவில் பத்துக் கம்பங்களை நட்டு, தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறார். போன வாரம் படம் அனுப்பினார். இரண்டு கம்பங்களின் அடியை அதற்குள் யாரோ கறம்பியிருந்தார்கள்.